இரண்டாவது லைன்

குருநகர்ப் பக்கம் இப்போது யாராவது கலியாணத்துக்கோ செத்தவீட்டுக்கோ பிலிப்பைக் கூப்பிட்டால், அவனுடைய வான் வண்டியிலிருந்து கமராக்களோடு வேறுவேறு கொம்பனிகளின் இன்டர்நெற் பெட்டிகள் இரண்டு இறங்கும். கடைசியாக, ஐஸ் போட்டு மீன் ஏற்றுகிற வெள்ளை றெஜிபோம் பெட்டி ஒன்றும், பழையது, இறங்கும். மீன்பெட்டியைக் கண்டதும் புதுச் சனம் மூக்கைச் சுளிக்கும். "உது என்னத்துக்கு?" என்று கேட்டால் பிலிப்பு வாய் திறக்கமாட்டான். பெண்சாதி ஸ்ரெல்லாதான் சிரித்துக்கொண்டு, "தேவைப்படக் கூடாதெண்டு மாதாவை வேண்டிக்கொள்ளுங்கோ" என்பாள். எங்கள் ஊர் ஜெசிதாவின் கலியாணத்துக்கு முதல் இந்தப் பெட்டி மூன்றில் ஒன்றுகூட அவர்களிடம் இருந்ததில்லை.

பிலிப்பு முதலில் கடலுக்குப் போனவன். முதுகு நோவு வந்து டொக்டர் மறித்த பிறகுதான் வலையை விட்டுக் கமராவைத் தூக்கினான். ஸ்ரெல்லா கொம்பியூட்டர் படித்தவள். அவன் படம் பிடிக்க, அவள் அதை அப்படியே வெளிநாட்டுக்கு நேரடியாக அனுப்புவாள். எங்கள் ஊரில் எந்த வீட்டை எடுத்தாலும் பாதிக் குடும்பம் இங்கே இருக்கும், மீதிப் பாதி பாரிசிலோ ரொறன்ரோவிலோ இருக்கும். நல்லதுக்கும் கெட்டதுக்கும் அந்தப் பாதி வந்து சேராது. அதனால் புருசன் பெண்சாதி இருவருக்கும் ஓய்வில்லாத வேலை.

பிலிப்பிடம் ஒரு கொள்கை இருந்தது. வைபவம் எந்த வீட்டிலோ, அந்த வீட்டு வைபைதான் தொழிலுக்கும். சொந்தமாக ஒரு லைன் எடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. உரும்பிராயில் ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில் அந்தக் கொள்கை காலை வாரிவிட்டது. தாய்மாமன் பெரிய லட்டு ஒன்றை வாய்க்குள் வைக்கும் நேரம் பார்த்து வைபை செத்துப்போனது. ஆவென்று திறந்த வாயோடு அவர் வெகுநேரம் உலகமெல்லாம் நின்றார். அந்தப் படத்தை யாரோ பிடித்துப் பரப்பியும் விட்டார்கள். சந்தை தெருவென்று போகிற இடமெல்லாம் தன்னை லட்டு மாமா என்று கூப்பிடுகிறார்கள் என்று அந்த மனிதர் இன்றுவரை பிலிப்போடு கதைப்பதில்லை.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் ஸ்ரெல்லா குசினி வாசலில் இருந்து றால் உரித்துக்கொண்டே கதையைத் தொடங்கினாள்.

"இஞ்சாருங்கோ, எங்களுக்கெண்டு லைன் எடுப்பம். ஒண்டு போனால் மற்றது நிக்கவேணும், ரெண்டும் வேறவேற கொம்பனியா இருக்கவேணும்."

"ஏனப்பா, போற வீடுகளிலை லைன் இருக்குத்தானே? அதுவும் இப்ப எல்லாம் பைபர், கண்ணாடி நூல். கடலுக்கடியாலை வாற சாமான். லேசிலை அறாது."

"கடலுக்கடியாலை வாறது சரி. எங்கடை ஒழுங்கைக்குள்ளை மதில் மேலாலைதானே வருகுது. அணில் ஓடினாலே ஆடுது."

"நீர் சும்மா பயப்பிடாதையும்."

"பயமில்லை. நீங்கள் கடலுக்குப் போகேக்கை, எஞ்சின் பூட்டின வள்ளத்துக்குள்ளை துடுப்பு ஏன் கிடந்தது?"

பிலிப்பு ஒரு றாலை எடுத்து வால் பக்கமாக உரிக்கத் தொடங்கினான். பதில் இல்லாதபோது அவன் ஏதாவது வேலை செய்வான்.

"அது கடல்," என்றான் கடைசியில். "அங்கை எஞ்சின் நிண்டால் உயிர் போயிடும்."

"இஞ்சையும் ஒருத்தருக்குப் போகும், பாருங்கோ" என்று சொல்லிவிட்டு அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இனி ஜெசிதா வீட்டுக் கதை. அவளுடைய தகப்பன் றெஜி, அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போது பிரான்சுக்குப் போனவர். போகிற அன்று வாசலில் வைத்து மகளின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டுவிட்டுத்தான் வாகனத்தில் ஏறினார். பிறகு திரும்பவில்லை. அகதி வழக்கு இழுபட்டது, தள்ளுப்பட்டது, திரும்பப் போடப்பட்டது, இன்னும் முடியவில்லை. அங்கேயிருந்து வெளிக்கிட்டால் மீண்டும் உள்ளே போகமுடியாது. உணவகக் குசினி ஒன்றில் அவர் பாத்திரம் கழுவி, பிறகு மரக்கறி வெட்டி, இப்போது சமையலும் செய்கிறார். அந்த உழைப்பில்தான் இங்கே கல்வீடு எழும்பியது, ஜெசிதாவும் படித்தாள்.

தகப்பன் இல்லாத இடத்தில் எல்லாவற்றுக்கும் நின்றவர் தாய் ஜெயனியின் அண்ணன் சிமியோன். பாசையூர்ச் சந்தையில் மீன் ஏலம் கூறுகிறவர். தொண்டையைத் திறந்தால் கடற்கரை முழுக்கக் கேட்கும். பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு அவர்தான் போனார், காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் அவர்தான். கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்கும் முதல்நன்மை அன்று, வீட்டிலிருந்து வெளிக்கிட முன் தகப்பன் போடவேண்டிய சிலுவையையும் அவரே போட்டார். வெள்ளைச் சட்டையோடு நின்ற ஜெசிதா, "மாமாவின்ரை விரல் மீன் மணக்குது" என்று அழுது நெற்றியைத் துடைத்துவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். சிமியோனும் சிரித்தார். ஆனால் அன்று முழுக்க அவர் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு திரிந்ததை ஜெயனி கண்டாள்.

எங்கள் ஆட்களிடம் அது ஒரு முறை. பெண் கோயிலுக்கு வெளிக்கிட முன் தாய் தகப்பனுக்கு முன்னால் முழந்தாளிட வேண்டும். தகப்பன் சிலுவை போட்ட பிறகுதான் படி இறங்குவாள். கலியாணம் நிச்சயமான அன்றே ஜெசிதா சொல்லிவிட்டாள், "அப்பா சிலுவை போடாமல் நான் கோயிலுக்குப் போகமாட்டன். ரீவீயிலை எண்டாலும் சரி, அவர்தான் போடவேணும்."

பாரிசிலிருந்து றெஜி பிலிப்போடு கதைத்தார்.

"தம்பி, நான் வேற ஒண்டும் கேக்கேல்லை. கோயில் பூசை, விருந்து எல்லாம் பேந்து பாப்பன். அண்டைக்கு எனக்கு லீவும் இல்லை, பிள்ளைக்குச் சிலுவை போடுற அந்தக் கொஞ்ச நேரம்தான் கிடக்கு. அதை மட்டும் விட்டிடாதையும்."

"அண்ணை, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. பக்கத்திலை நிக்கிற மாதிரித்தான் இருக்கும்" என்றான் பிலிப்பு.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஸ்ரெல்லா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கமராவைத் துடைக்கத் தொடங்கினான்.

கலியாணம் ஆவணி மாதத்தில் வந்தது. சோளகக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த காலம். வெளிநாட்டிலிருந்து வரக்கூடிய சனமெல்லாம் வந்து, வீடு நிறைந்து, பக்கத்து வீடுகளும் நிறைந்துவிட்டன. முதல்நாள் பின்னேரம் பெரிய கிடாரத்தில் பனங்கிழங்கு ஒடியல் கூழ் காய்ச்சினார்கள். நண்டும் றாலும் திருக்கையும் பயித்தங்காயும் போட்டு, மிளகாய் கொஞ்சம் தூக்கலாகவே அரைத்துவிட்டிருந்தார்கள். லண்டனில் பிறந்த பிள்ளைகள் கண்ணீர் வடிய வடியக் குடித்தன. பிலிப்பு அதற்குள் வேலையை முடித்திருந்தான். ஜெயனிக்குப் போட்ட கதிரைக்குப் பக்கத்தில் றெஜிக்கும் ஒரு கதிரை போட்டு, அதில் பெரிய ரீவீயை நிமிர்த்தி, மேலே சின்னக் கமராவைப் பூட்டினான். சோதித்துப் பார்த்தபோது றெஜி தெளிவாக வந்து, "கூழ் மணக்குதடாப்பா" என்றார்.

மறுநாள் காலையிலும் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பந்தல்காரருக்கு இடியப்பமும் சொதியும் அறக்குளா மீன்குழம்பும் கொடுத்தார்கள். ஜெசிதாவைச் சோடிக்க வந்த நிவேதனா உள்ளறையில் பவுடரும் பூவுமாக நின்றாள். மாப்பிள்ளை கோயிலுக்கு வந்துவிட்டார் என்று தகவலும் வந்தது.

அப்போது காற்று ஒரு முறை பலமாக அடித்தது. ஒழுங்கை முகப்பில் கட்டியிருந்த அலங்கார வளைவு ஒரு பக்கம் சாய்ந்தது. அதற்குள்ளால்தான் மணப்பெண்ணின் கார் போகவேண்டும். பந்தல்காரர் சீவரத்தினம் கையைக் கழுவாமலே ஓடினார். வளைவை நிமிர்த்தினால் மேலே கறுப்பு வயர் ஒன்று தடுத்தது. எங்கள் ஒழுங்கைகளில் பழைய கேபிள் ரீவீக்காரர் விட்டுப்போன செத்த வயர்கள் கொடி மாதிரித் தொங்கும். எடுக்க ஆளில்லை. தடக்கினால் வெட்டிவிட்டுப் போவதுதான் பந்தல்காரர் வழக்கம், ஒருவரும் கேட்டதில்லை. சீவரத்தினம் குறட்டை எடுத்து ஒரு நறுக்கு நறுக்கினார். வளைவு நிமிர்ந்தது.

உள்ளே, கதிரையில் கோட்டும் ரையுமாக இருந்த றெஜி அசையாமல் போனார். பிறகு ரீவீயில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

"றெஜி அண்ணை? அண்ணை, கேக்குதோ?" பிலிப்பு மேசைக்கடியில் இருந்த பெட்டியைப் பார்த்தான். பச்சை விளக்கு சிவப்பாகியிருந்தது. வெளியே ஓடியவன், வயரின் இரண்டு தலைப்பையும் கையில் வைத்திருந்த சீவரத்தினத்தைக் கண்டான்.

"செத்த வயரெண்டு நினைச்சன் தம்பி."

"அண்ணை, அதுதான் உயிரோடை இருந்த ஒண்டே ஒண்டு!"

"முறுக்கி ரேப் சுத்தி விடட்டோ?"

"கறன்ற் வயரே அது? கண்ணாடி அண்ணை, கண்ணாடி!"

சீவரத்தினம் அந்தக் கண்ணாடியைத் தடவிப் பார்த்தார். பாவம், அவருக்கு அழுகை வந்துவிட்டது. பிலிப்பு கொம்பனிக்கு அழைப்பு எடுத்தான். பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிய ஒரு பெண்குரல் மூன்று மொழியிலும் பொறுமையாக இருக்கச் சொன்னது. பிறகும் பாட்டு. கடைசியில் ஒரு மனிதர் வந்து, இன்று சனிக்கிழமை, திங்கட்கிழமை ஆள் வரும் என்றார்.

தன் போனிலிருந்து லைன் கொடுத்துப் பார்த்தான். றெஜி துண்டு துண்டாக வந்தார். ஒரு கண், ரையின் முனை, பிறகு வட்டம். குரல் மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல, "பிள்ளை... வெளிக்கிட்... தம்பி..." என்று கேட்டு நின்றுபோனது. ஸ்ரெல்லாவின் போனிலும் அதே கதிதான். பிலிப்பு இரண்டு போனையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். கடலில் எஞ்சின் நின்றபோதுகூட அவன் இப்படித் தடுமாறியதில்லை.

"ஸ்ரெல்லா," என்றான். "நீர் சொன்னனீர்."

"அதைப் பேந்து கதைப்பம்" என்றாள் அவள். அந்த ஒரு சொல்லுக்காகவே ஸ்ரெல்லாவைக் கோயில் கட்டிக் கும்பிடலாம்.

உள்ளறைக் கதவு திறந்தது. ஜெசிதா வெள்ளைச் சேலையும் முக்காட்டு வலையுமாக வந்து, சுற்றிக்கொண்டிருந்த வட்டத்தைப் பார்த்தாள்.

"அப்பா எங்கை?"

கோயிலிலிருந்து ஆள் வந்துவிட்டது. பாதருக்கு அடுத்த கலியாணமும் இருக்கிறதாம், கெதியாக வரட்டாம். அங்கே பாரிசில் இப்போதுதான் விடிகிறது. இன்னும் சற்று நேரத்தில் றெஜி கோட்டைக் கழற்றிவிட்டு வேலைக்கு ஓடவேண்டும்.

ஜெயனி கண்ணைத் துடைத்துக்கொண்டு தமையனிடம் வந்தாள். "அண்ணை, நீங்கள் போட்டு விடுங்கோ. எத்தினை முறை நீங்கள்தானே நிண்டனீங்கள். அவர் ஒண்டும் நினைக்கமாட்டார்."

சிமியோன் புது வேட்டியும் பட்டுச் சட்டையுமாக நின்றார். அன்று சந்தைக்குப் போகவில்லை. விடியவே தேசிக்காயும் சவர்க்காரமும் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தார். ஏன் அப்படிக் கழுவினார் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் மருமகளைப் பார்த்தார். அவள் குனிந்து நின்றாள். வேண்டாம் என்று சொல்லமாட்டாள். ஆனால் மனம் அந்த ரீவீயில்தான் கிடந்தது.

"இல்லைப் பிள்ளை," என்றார் சிமியோன். "அவன் இல்லாத நேரமெல்லாம் நான் நிண்டனான். இண்டைக்கு அவன் வந்து வாசல்லை நிக்கிறான். உள்ளுக்கை விடாமல் நான் போடுறதே? டேய் பிலிப்பு, என்னடா செய்யவேணும், சொல்லு!"

பிலிப்பு திரும்பவும் அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்தான். ஸ்ரெல்லாதான் விறாந்தையில் நின்று முற்றத்தைப் பார்த்தாள். நூற்றுக்கு மேற்பட்ட சனம். எல்லாருடைய கையும் மேலே. எல்லாக் கையிலும் ஒரு போன், மெழுகுதிரிப் பவனி மாதிரி. ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் மகளுக்கும் மச்சாளுக்கும் கலியாணத்தை நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மாமா!" என்று அவள் கத்தினாள். "வீட்டு வைபை போன உடனை எல்லாற்றை போனும் ரவருக்கு ஏறியிட்டுது. ஒரு ரவர், இவ்வளவு சனம். அதுதான் றெஜி அண்ணைக்கு வழியில்லை. எல்லாரும் போனை நிப்பாட்டினால் அவர் வருவார்."

அவ்வளவும் சிமியோனுக்குப் போதும். கிணற்றடியில் நேற்று நண்டு வந்த றெஜிபோம் பெட்டி கிடந்தது. அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முற்றத்தின் நடுவில் வந்து, பட்டுச் சட்டையைப் பற்றி யோசிக்காமல், சந்தைத் தொண்டையைத் திறந்தார்.

"வாங்கோ, வாங்கோ! போன் எல்லாம் நிப்பாட்டிப்போட்டுப் பெட்டிக்குள்ளை! பெரிய போன், சின்னப் போன், கனடாப் போன், லண்டன் போன், பாரபட்சம் இல்லை! பொம்பிளையின்ரை தேப்பன் வழியில்லாமல் நிக்கிறான், வழி விடுங்கோ!"

சனம் திகைத்தது. ரொறன்ரோவிலிருந்து வந்த பிரதீபா போனை மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"சிமியோன் அண்ணை, என்ரை மகள் அங்கை நித்திரை முழிச்சுப் பாத்துக்கொண்டிருக்கிறாள்!"

"அவளைப் படுக்கச் சொல்லு மோனை. பிலிப்பு நாளைக்கு முழுக்கவும் அனுப்புவான். தேப்பன் நாளைக்கு வரமாட்டான். போடு!"

"ஒரு நிமிசம், சொல்லிப்போட்டு..."

"சொல்லப் போனால் அவள் கேள்வி கேப்பாள். நீ மறுமொழி சொல்லுவாய். அதுக்குள்ளை பிள்ளைக்குப் பேரப்பிள்ளை பிறந்திடும். போடு!"

பிரதீபா போட்டாள். அவள் போட்டதைப் பார்த்து அடுத்தவர் போட்டார். ஒருவரை ஒருவர் பார்த்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, "என்ரை கவர் புதுசு, கவனம்" என்று சொல்லிச் சொல்லிப் போட்டார்கள். பொத்தான் போன் வைத்திருந்த ஒரு கிழவரும் வரிசையில் வந்தார்.

"அப்பு, உதிலை இன்டர்நெற் இல்லை. நீங்கள் வைச்சிருங்கோ" என்றாள் ஸ்ரெல்லா.

"எல்லாரும் குடுக்கேக்கை நான் மட்டும் குடாமல் விடுறதோ?" என்று அவர் போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார்.

பெட்டி நிறைந்தது. சிமியோன் மூடியை அமத்தி, அதற்கு மேல் சீவரத்தினத்தைப் பிடித்து இருத்தினார். செய்த பிழைக்கு அவருக்கு அது போதுமான தண்டனை. முற்றத்தில் ஒரு நாளுமில்லாத அமைதி வந்தது. கையில் ஒன்றும் இல்லாத சனத்துக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வேறு வழியில்லாமல் எல்லாரும் விறாந்தையைப் பார்த்தார்கள்.

பிலிப்பு தன் போனைப் பிடித்தபடி கதிரைக்குப் பக்கத்தில் முழந்தாளில் நின்றான். வட்டம் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. பிறகு றெஜி வந்தார்.

முழுதாக வந்தார். கோட்டு கொஞ்சம் பெரிது. பின்னால் இரண்டு தட்டுக் கட்டில். அவரோடு அந்த அறையில் இருக்கிறவர்கள் சாரத்தோடும் பெனியனோடும் அவருக்குப் பின்னால் எழுந்து நின்றார்கள்.

"பிள்ளை," என்றார் றெஜி. "வெளிக்கிட்டிட்டியோ?"

"இல்லை அப்பா. உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

ஜெசிதா முழந்தாளிட்டாள். ஜெயனி தன் கதிரையில் இருந்து சிலுவை போட்டாள். பிறகு ஜெசிதா மற்றக் கதிரைப் பக்கம் திரும்பி, கமராவுக்குக் கிட்ட நெற்றியைக் கொண்டுபோனாள். இன்னும் கிட்டக் கொண்டுபோனாள். அங்கே அவருடைய போன் முழுக்க அந்த நெற்றி மட்டும்தான் தெரிந்திருக்க வேண்டும். றெஜி கையைத் தூக்கினார்.

ரீவீ இருண்டது.

"ஐயோ, போச்சு!" என்று முற்றமே கத்தியது. பிலிப்பு கண்ணை மூடிவிட்டான். சீவரத்தினம் பெட்டியிலிருந்து எழும்பினார்.

"போகேல்லை," என்றாள் ஸ்ரெல்லா. "லைன் நிக்குது. வடிவாப் பாருங்கோ. அது றெஜி அண்ணையின்ரை விரல், கமராவை மறைக்குது."

எல்லாரும் பார்த்தார்கள். அது முழு இருட்டு இல்லை, ஓரத்தில் சிவப்பாக வெளிச்சம் தெரிந்தது. அந்தச் சிவப்பு மேலிருந்து கீழே இறங்கியது, அறை ஒரு கணம் தெரிந்தது, மறுபடி இடமிருந்து வலம் மறைத்தது. பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே என்று றெஜி சொல்வது தெளிவாகக் கேட்டது. முற்றத்திலிருந்த சனம் தானாக ஆமென் சொன்னது. நான் அழுதேன். அழாத ஒருவரை நான் அன்றைக்குக் காணவில்லை.

விரல் விலகியதும் றெஜி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மச்சான் எங்கை?" என்று கேட்டார்.

சிமியோன் முன்னுக்கு வந்தார். "சொல்லடா."

"நீங்களும் ஒருக்காப் போட்டு விடுங்கோ மச்சான். என்ரை விரல் கண்ணாடியோடை நிண்டிட்டுது. உங்கடைதான் பிள்ளையிலை படும்."

சிமியோன் கையை வேட்டியில் துடைத்தார். துடைத்துவிட்டு மூக்கில் வைத்துப் பார்த்தார். தேசிக்காய் போட்டுக் கழுவியதெல்லாம் வீண். நண்டுப் பெட்டியை அணைத்துக்கொண்டு திரிந்ததில் பத்து விரலும் பழையபடி ஆகியிருந்தன. அவர் தயங்கி, "கையைக் கழுவிக்கொண்டு வாறன் மோனை" என்று திரும்பினார்.

ஜெசிதா அவருடைய கையை எட்டிப் பிடித்தாள். பிடித்துத் தன் நெற்றியில் தானே வைத்தாள். அவர் போட்டார். போடும்போது அந்தச் சந்தைத் தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"மணக்குதோ பிள்ளை?" என்று மெல்லக் கேட்டார்.

"மணக்குது மாமா" என்றாள் ஜெசிதா, அழுதபடியே சிரித்து.

பான்ட் அடிக்கத் தொடங்கியது. கார் வாசலுக்கு வந்தது. நிவேதனா பவுடர்ப் பஞ்சோடு ஓடிவந்து, கலைந்துபோன நெற்றியைச் சரிசெய்யக் குனிந்தாள்.

ஜெசிதா முகத்தை விலக்கினாள். "விடுங்கோ அக்கா. துடையாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.